மொட்டைமாடியிலும் வெளிநாட்டிலும் காட்டுயிர் பார்ப்பது எப்படி

வெளிநாட்டுப் பயணத்தில் காட்டுயிர்களைப் பார்க்க விரும்புகிறவர்களில் பலர், விமானச்சீட்டு எடுத்த பிறகுதான் பைனாகுலர் வாங்குகிறார்கள். அந்த வரிசை தவறானது. வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடியிருப்பவர், தம் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பருவமாவது பார்த்துப் பழகிய பிறகு பயணம் போனால், நான்கே நாளில் அவர் காண்பது பழகாதவர் ஒரு மாதத்தில் காண்பதைவிட அதிகமாக இருக்கும்.

தொடக்கம் எளிது. விடிந்ததும் மாடியில் ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நடமாடாமல் நிற்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் காகமும் புறாவும் மட்டுமே தெரியும். அதன் பிறகுதான் எஞ்சியிருக்கும் பனைமரத்தைச் சுற்றும் பனை உழவாரனும், முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டும், மேலே வட்டமிடும் பருந்துகளும் கண்ணில் படத் தொடங்கும். பருந்துகளே நல்ல முதல் பாடம். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்டது செம்பருந்து, அதாவது நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். ஆனால் அதன் இளம்பறவை உடல் முழுக்கப் பழுப்பாக இருப்பதால், நிறத்தை மட்டும் நம்புகிறவர் அதைக் கரும்பருந்து என்று எழுதிவிடுவார். வாலைப் பார்க்க வேண்டும்: செம்பருந்தின் வால் நுனி வட்டமாக இருக்கும், கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். நிறத்துக்கு முன் வடிவத்தையும் அசைவையும் பார்க்கும் இந்தப் பழக்கம்தான், முன்பின் அறியாத பறவைகள் நிறைந்த நாட்டில் கைகொடுக்கிறது.

பார்த்ததை அங்கேயே எழுதிவிட வேண்டும். நாள், நேரம், இடம், காற்றின் திசை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஆறும் போதும். ‘நிறைய’, ‘கூட்டமாக’ என்ற சொற்களைக் குறிப்பேட்டில் அனுமதிக்கக் கூடாது. பெருங்கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, அதே அளவாகக் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும்.

பைனாகுலரைப் பொறுத்தவரை 8×42 போதும். முதல் எண் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவதையும், இரண்டாவது எண் முன்புற வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. பத்து மடங்கு வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம், கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும் என்பதைப் பணிவாகச் சொல்லலாம்.

மாடியில் கண் பழகிய பின் போக வேண்டிய இடம், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் அங்கே இருக்கும். அனல்மின் நிலையங்களின் சாம்பலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கலந்து வந்து கூழைக்கடாக்களின் இறகில் அப்பிய எண்ணெயையும் தாங்கிய கழிமுகம் அது. ஆகவே அழகை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். நீர் வற்றிச் சேறு வெளிப்படும் நேரமே சேற்றில் இரை தேடும் பறவைகளைப் பார்க்க ஏற்றது. “அண்ணே, தண்ணி எப்ப வத்தும்?” என்று கரையில் வலை உலர்த்துகிறவரிடம் கேட்டால், எந்தச் செயலியையும்விடச் சரியான பதில் கிடைக்கும். சிவந்த கால் கொண்ட எல்லாம் ஒன்றல்ல என்பது இங்கே கற்க வேண்டிய பாடம். நெடுங்கால் உள்ளானின் இளஞ்சிவப்புக் கால்கள் பறக்கும்போது வாலைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருக்கும். பவளக்காலியின் கால்களோ ஆரஞ்சு கலந்த சிவப்பு. அது எழும்பினால் சிறகின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சிடும். இரை பொறுக்கும் பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். நாலடி பின்வாங்க வேண்டும். பறிக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறால் தடவும் இருளர்களை அதே பறவைகள் பொருட்படுத்துவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். அங்குள்ள துறைமுகங்களின் பக்கம் மட்டும் பைனாகுலரையோ நீண்ட லென்ஸையோ திருப்ப வேண்டாம். காவலர்களிடம் பவளக்காலியைப் பற்றி விளக்குவது எளிதல்ல.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியலிலேயே போக வேண்டும். ஏலத்தின் மிச்சங்களுக்குப் பருந்துகளும், குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது இந்தப் பருந்துகள் எங்கே இரை தேடுகின்றன என்பதைக் குறித்துவருவது, அருகிலேயே செய்யக்கூடிய நல்ல ஆய்வு.

இனி பயணம். நம்மில் பலருக்கு உறவினர் இருக்கும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே சுங்கை புலோ ஈரநிலக் காப்பகத்துக்கு முதன்முறை போனபோது, எண்ணூர்க் கணக்கை அப்படியே நம்பி நீர் வற்றிய நேரத்தில் போய் வெறும் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நம் கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவதன், ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அங்கே மூன்று மீட்டரைத் தொடும். வற்றும்போது பறவைகள் வெளியே உள்ள அகன்ற சேற்றுப் பரப்புக்குப் போய்விடுகின்றன. நீர் ஏறிச் சேறு மூழ்கிய பிறகுதான் காப்பகத்தின் குளங்களுக்கு ஓய்வெடுக்க வருகின்றன. ஆகவே எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும், விடுதி பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

புதிய நாட்டில் முதல் நாளைத் தெரிந்த உயிர்களுக்கே ஒதுக்குவது என் வழக்கம். சுங்கை புலோவில் பவளக்காலி உண்டு, செம்பருந்தும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையே விடியலில் குயில் கூவும். அங்கும் அது காகத்தின் கூட்டில்தான் முட்டையிடுகிறது. ஆனால் அந்தக் காகம் அந்த மண்ணுக்கு உரியதல்ல. மனிதர் வழியாக அப்பகுதிக்கு வந்து பெருகியது. தெரிந்தவற்றை இப்படிப் பார்த்து முடித்த பிறகு, நீர்நாய்க் குடும்பத்துக்கும் உவர்நீர் முதலைக்கும் முழுக் கவனத்தையும் கொடுக்கலாம். காகத்துக்குச் சோறு வைத்துப் பழகிய கை அங்கே அடங்கியிருக்க வேண்டும்: 2020 ஜூன் முதல் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது அந்நாட்டில் குற்றம், முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள், எண்ணூர்ச் சேறு ஒட்டிய காலணியைத் தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். மண்ணோடு விதையும் நோயும் வந்துவிடும் என்பதால் அங்கே கடுமையாகச் சோதிக்கிறார்கள். உடன் கொண்டுபோகும் ஊறுகாயையும் மறைக்காமல் படிவத்தில் எழுதிவிட வேண்டும். திரும்பும்போது நினைவுப்பொருளாகப் பவளப்பாறைத் துண்டுகளை வாங்கக் கூடாது. நம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமும் அவற்றைக் காக்கின்றன.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, தூக்கம் கலையாவிட்டாலும் அதே மாடியில் அதே நேரத்தில் நின்று பட்டியல் எழுத வேண்டும். அது ஏப்ரல் இறுதியாக இருந்தால், போகும்போது காசிமேட்டில் விட்டுச்சென்ற பழுப்புத்தலைக் கடற்காகங்கள் நடு ஆசியாவின் மேட்டுநில ஏரிகளை நோக்கிக் கிளம்பியிருக்கும். துறைமுகம் வரை நடந்து உறுதிசெய்துகொண்டு, அந்த வரியை விட்டுவிடாமல் ‘கடற்காகம்: 0’ என்று எழுத வேண்டும்.