ஓட்டத்தில் முழங்காலை வருத்தும் தவறுகள்

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சத்தால் ஓட்டத்தையே கைவிடுவதுதான் இத்தவறுகளில் முதலாவது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினரிடமும், ஓடாதவர்களில் 10.2 விழுக்காட்டினரிடமும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நலமாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனவே ஓட்டம் மூட்டுக்கு மருந்து என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அளவான ஓட்டம் மூட்டை அரித்துவிடுகிறது என்ற வாதத்துக்கு இது நிச்சயமாக இடம் தரவில்லை. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போது மூட்டுத் திரவத்தின் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஓடுபவர்கள் பலருக்கு முழங்கால் ஏன் வலிக்கிறது? பெரும்பாலும், கால் பழகியிருந்த சுமைக்கும் அதன்மீது திடீரென ஏற்றப்பட்ட சுமைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் காரணம். புதிதாக ஓடத் தொடங்குபவருக்குச் சில வாரங்களிலேயே மூச்சிரைப்பு குறைந்துவிடுகிறது; ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் அதே அளவுக்கு உறுதிபெற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே "இன்று நன்றாக ஓட முடிகிறதே" என்ற உற்சாகத்தில் மூன்று கிலோமீட்டரை ஆறாக்கும் அந்த நாளே ஆபத்தான நாள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது: முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகரித்தது. வாரத்தின் மொத்தத் தூரத்தை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் அதைத் தீர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் நீண்ட ஓட்டம் 5 கிலோமீட்டர் என்றால், அடுத்தது ஐந்தரைக்குள் இருக்கட்டும். காய்ச்சலாலோ பயணத்தாலோ சில வாரங்கள் விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. தூரத்தையும் வேகத்தையும் மேட்டு ஓட்டத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான்.

அடுத்தது, எட்டிவைக்கும் அடி. வேகமாக ஓட நினைக்கும்போது பலர் காலை உடலுக்கு வெகுமுன்னால் நீட்டி, முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும் நிலையில் குதிகாலைத் தரையில் பதிக்கிறார்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து திரும்பி வரும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். கால் முன்னால் நீளும்போது அதில் முழங்கால் ஏற்க வேண்டிய பங்கு கூடுகிறது. வேகத்தை மாற்றாமல், ஒரு நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டினாலே முழங்காலின் மீதான சுமை குறைகிறது என்பது 2011இல் வெளியான ஆய்வொன்றில் அளந்து காட்டப்பட்டது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வழக்கமான வேகத்தில் ஓடும்போது, வலது கால் தரையைத் தொடுவதை 30 வினாடிகளுக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 160 என்று வந்தால், அடியைச் சற்றுக் குறுக்கி 168 அளவில் ஓடிப் பழகலாம். எல்லாரும் 180 அடி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்படுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது மாறும். குதிகாலை விட்டுவிட்டு முன்பாதத்தில் ஓட ஒரே நாளில் மாறுவதும் வேண்டாம். முழங்காலின் சுமை குறையலாம், ஆனால் அது கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் போய்ச் சேரும்.

காலணியைப் பற்றி நடக்கும் அளவுக்கு விவாதம் தேவையில்லை என்றே கருதுகிறேன். பாத வளைவைப் பார்த்துக் காலணி வழங்கினால் காயங்கள் குறையுமா என்று அமெரிக்கப் படைகளில் பயிற்சி பெறுபவர்களிடம் சோதித்தபோது, குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. அணிந்து ஓடும்போது உறுத்தாத ஷூவை எடுத்துக்கொண்டு, பொதுவாகச் சொல்லப்படும் 500 முதல் 800 கிலோமீட்டர் வரையிலான உழைப்புக்குப் பின் மாற்றினால் போதும். எப்போதும் சாலையின் ஒரே ஓரத்தில், ஒரே பக்கச் சரிவில் ஓடுவதைத் தவிர்ப்பது நல்லது.

முழங்காலைக் காக்க விரும்புபவர்கள் முழங்காலை மட்டுமே பார்ப்பதும் தவறு. கண்ணாடி முன் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கிப் பாருங்கள். நிற்கும் காலின் முழங்கால், பெருவிரலையும் தாண்டி உட்பக்கமாகச் சாய்ந்தாலோ, இடுப்பு ஒரு புறம் தொங்கினாலோ, தொடை, இடுப்புத் தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கொள்ளலாம். அதே படியிறக்கத்தையும், அரை உட்கார்தலையும், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தும் பயிற்சியையும் வாரத்துக்கு இரண்டு நாள் செய்வது நல்ல தொடக்கம். ஓடுவதற்கு முன் அசையாமல் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகள் காயத்தைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. விறுவிறுப்பான நடையும் மெதுவான ஓட்டமுமே ஏற்ற முன்தயாரிப்பு.

வலி வந்த பிறகு செய்யப்படும் தவறுகள் தனி வகை. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். நிறுத்து என்று உடல் சொல்வதை அது மறைக்கிறது. நீரிழப்போடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் சுமையாகிறது. இதற்கு நேர்மாறாக, லேசான வலிக்கே மாதக்கணக்கில் படுத்துவிடுபவர்களின் தசை நலிந்து, திரும்பி வரும்போது பழைய தூரமே அதிகச் சுமையாகிவிடுகிறது. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் மூன்றுக்குள் அடங்கி, மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பினால், தூரத்தைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். அதற்கு மேல் போனாலோ, நொண்டி ஓட நேர்ந்தாலோ நிறுத்த வேண்டும். இடத்தையும் கவனியுங்கள். முழங்காலின் முன்புறம் உள்ள சில்லு எலும்பைச் சுற்றி எழும் வலி, படியிறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடும். முழங்காலின் வெளிப்பக்க வலி பெரும்பாலும் ஓடத் தொடங்கிச் சிறிது தூரம் சென்றபின் எழுந்து, இறக்கத்தில் மிகும். இரண்டிலும் முதலில் குறைக்க வேண்டியது இறக்கத்தில் ஓடுவதைத்தான்.

மூட்டு வீங்குதல், மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்ளுதல், நடக்கும்போது கால் திடீரென நழுவுதல், எடையைத் தாங்க இயலாமை, காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு சில நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன அறிகுறி மூட்டுத் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், அதற்கு அன்றைக்கே செல்ல வேண்டும்.