ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் செய்வது: ஃப்ளைஸ்கை ஐ6, ஐஏ6பி ஜோடியை வைத்து ஒரு வழிகாட்டி

ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தில், கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரையும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரையும் ஜோடி சேர்ப்பதுதான் பைண்ட். முதல் வேலை புரொப்பெல்லரைக் கழற்றி வைப்பது. பைண்ட் செய்யும்போது மோட்டார் எந்த நொடியில் சுழலத் தொடங்கும் என்று சொல்ல முடியாது. 2200 எம்ஏஎச், 3எஸ் (மூன்று செல்) லிப்போ பேட்டரியில் ஓடும் சின்ன ஃபோம் விமானம்கூட விரலை ஆழமாக வெட்டிவிடும். நட்டைத் திருக ஒரு நிமிடம் போதும், அதைச் சோம்பலில் விடாதீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. பைண்ட் செய்யும்போது ரிசீவர் அந்த எண்ணைத் தன் நினைவில் பதித்துக்கொள்கிறது. பிறகு மைதானத்தில் பத்துப் பேர் பறக்கவிட்டாலும் உங்கள் ரிசீவர் உங்கள் பேச்சை மட்டுமே கேட்கும். எண் பதிந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது, ஒவ்வொரு முறையும் பைண்ட் செய்ய வேண்டியதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டரும் எஃப்எஸ்-ஐஏ6பி ரிசீவரும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலரின் கையில் இருப்பது இந்த ஜோடிதான். டிரான்ஸ்மிட்டருக்கு நான்கு ஏஏ பேட்டரி, புதிதாக இருக்கட்டும். ரிசீவருக்கான 5 வோல்ட், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியில் உள்ள பெக் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சுற்று) வழியாக வரும். லிப்போவை நேராக ரிசீவரில் செருகினால் அது அங்கேயே எரிந்து போகும்.

ரிசீவரின் ஒவ்வொரு போர்ட்டிலும் மூன்று முள்: ஓரத்தில் சிக்னல், நடுவில் பிளஸ், மறு ஓரத்தில் மைனஸ். ஈஎஸ்சி ஒயரை மூன்றாம் சேனலில் செருகுங்கள். ஃப்ளைஸ்கையில் ஒன்று எய்லரான் (பக்கவாட்டுச் சாய்வு), இரண்டு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), மூன்று திராட்டில் (மோட்டார் வேகம்), நான்கு ரட்டர் (இடம் வலம் திருப்புவது). ரிசீவரை பைண்ட் நிலைக்குக் கொண்டுவரும் பைண்ட் கேபிள் போக வேண்டிய இடம் பி/விசிசி என்று எழுதிய போர்ட்.

கேபிள் தொலைந்திருந்தால் பழைய சர்வோ (விமானத்தின் அசையும் பாகங்களை ஆட்டும் சிறு மோட்டார்) கனெக்டரில் செய்துகொள்ளலாம். ஓரத்து இரண்டு முனைகளை, அதாவது சிக்னலையும் மைனஸையும், ஒரு சிறு ஒயரால் இணைத்தால் போதும். நடுமுனையை எதனோடும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பெக் ஷார்ட் ஆகும்.

இனி வரிசையாக:

1. டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கட்டும். பைண்ட் கேபிளைச் செருகிவிட்டு லிப்போவை இணையுங்கள். ரிசீவர் விளக்கு வேகமாகச் சிமிட்ட வேண்டும். ஈஎஸ்சி விட்டுவிட்டுக் கத்தும். அதற்கு இன்னும் திராட்டில் சிக்னல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

2. டிரான்ஸ்மிட்டரின் எல்லா சுவிட்சுகளையும் மேலே தள்ளி, திராட்டிலை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பைண்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரைப் போடுங்கள். திரையில் பைண்ட் நடப்பதாகக் காட்டிய பிறகு விடலாம்.

3. சில நொடிகளில் விளக்கின் வேகச் சிமிட்டல் மாறும், டிரான்ஸ்மிட்டர் தானாகவே வழக்கமான திரைக்குத் திரும்பும். லிப்போவைக் கழற்றி, பைண்ட் கேபிளை உருவி, டிரான்ஸ்மிட்டரையும் அணையுங்கள்.

4. இப்போது டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, பிறகு லிப்போவை இணையுங்கள். விளக்கு அசையாமல் எரிந்து, ஸ்டிக்கை ஆட்டினால் சர்வோ ஆட வேண்டும். எப்போதும் இதே வரிசை. அணைக்கும்போது முதலில் லிப்போ, பிறகுதான் டிரான்ஸ்மிட்டர்.

பைண்ட் ஆகவில்லையா? முதலில் தூரத்தைப் பாருங்கள். இரண்டையும் ஒட்டி வைத்தால் சிக்னல் மிகையாகி ரிசீவர் திணறும். ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். அடுத்து, விளக்கே எரியாவிட்டால் பிளக் தலைகீழாக இருக்கலாம் அல்லது ஈஎஸ்சியில் பெக் இல்லாமல் இருக்கலாம். பெக் இல்லாத ஈஎஸ்சிகளும் உண்டு. அவற்றுக்குத் தனி பெக் வேண்டும்.

விளக்கு சிமிட்டுகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் மொழி, அதாவது புரோட்டோகால், வேறு. ஐஏ6பி பேசுவது ஃப்ளைஸ்கையின் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ. எஃப்எஸ்-ஆர்6பி போன்ற பழைய ரிசீவர்கள் முதல் தலைமுறை ஏஎஃப்எச்டிஎஸ் மட்டுமே அறிந்தவை. மெனுவில் 2ஏ-வை அணைத்தால்தான் அவை இணையும். பழைய ரிசீவர் பதில் அனுப்பாது என்பதால் பைண்ட் திரையும் தானாக மூடாது. விளக்கு மாறியதும் நீங்களே அணைக்க வேண்டும். வேறு கம்பெனி ரிசீவர் என்றால் பிராண்டைவிட அது பேசும் புரோட்டோகால்தான் முக்கியம்.

எல்லாம் முடிந்தும் சர்வோ ஆடவில்லை, விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறது என்றால் பைண்ட் கேபிளை எடுக்க மறந்திருப்பீர்கள். அதோடு மைதானத்துக்குப் போகாதீர்கள்; பக்கத்தில் இன்னொருவர் அதே நேரம் பைண்ட் செய்தால் உங்கள் ரிசீவர் அவருடையதைப் பிடித்துக்கொள்ளும்.

விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் புரொப்பெல்லரை மாட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு, வைக்காத விமானம் பறக்கத் தகுதியற்றது. சிக்னல் அறுந்தால் ரிசீவர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொள்ள, விமானம் முழு திராட்டிலில் ஆட்கள் இருக்கும் பக்கம் போகலாம். சிஸ்டம் மெனுவில் ஆர்எக்ஸ் செட்டப், அதனுள் ஃபெயில்சேஃப் திறந்து மூன்றாம் சேனலை ஆன் செய்யுங்கள். திராட்டில் ஸ்டிக்கை அடியில் வைத்தபடியே கேன்சல் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திச் சேமியுங்கள். ஐ6-இல் சேமிக்கும் பொத்தான் கேன்சல்தான். ஓகே அழுத்திவிட்டு வெளியேறினால் பதியாது.

சோதிப்பது எளிது. புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் சட்டென நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை மறுபடி பைண்ட் செய்த பிறகும் இதைச் செய்யுங்கள். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு கம்பெனியின் ரிசீவர்களில் ஃபெயில்சேஃபுக்கான திராட்டில் நிலை பைண்ட் செய்யும்போதே பதிவதால், அந்த நேரம் ஸ்டிக் அடியில் இருப்பது இன்னும் முக்கியம். அங்கே சேனல் வரிசையும் வேறு: திராட்டில்தான் முதலாவது.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற வேறு ரேடியோ முறை வைத்திருப்பவர்களுக்கு கேபிள் கிடையாது. ரிசீவருக்கு மூன்று முறை பவர் கொடுத்து எடுத்தால் விளக்கு இரட்டையாகச் சிமிட்டும், பிறகு டிரான்ஸ்மிட்டர் மெனுவில் பைண்ட் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே பைண்டிங் ஃப்ரேஸ் (கடவுச்சொல் போன்ற ஒரு தொடர்) பதிந்திருந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் ஒன்று 2, மற்றது 3 என ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) தலைமுறை மாறினால் இணையாது.

கடைசியாக ஆன்டெனா. ஐஏ6பி-யின் இரண்டையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், கார்பன் குழாயையும் பேட்டரியையும் விட்டுத் தள்ளி ஒட்டுங்கள். நுனியில் உறை நீங்கிய சுமார் 31 மில்லிமீட்டர்தான் சிக்னலைப் பிடிக்கும் பகுதி, அலைநீளத்தில் கால் பங்கு. அதை வெட்டவோ மடிக்கவோ கூடாது. பிறகு ஒருவரை விமானத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே விலகி நடங்கள். டிரான்ஸ்மிட்டரில் பவரைக் குறைக்கும் ரேஞ்ச் செக் வசதி இருந்தால் அதில் 30 காலடி எடுத்து வைத்தும் சர்வோ தடுமாறக் கூடாது. தடுமாறினால் ஆன்டெனாவை இடம் மாற்றி மறுபடி நடங்கள். அது சரியாகும்வரை புரொப்பெல்லர் பெட்டியிலேயே இருக்கட்டும்.