"நேரமாச்சு, குடு!"

போன வாரம் தம்பி வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவனுடைய ஆறு வயது மகன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நுனியைக் காது மாதிரி மடக்கிப் பிடித்துவிட்டான்; மற்றதை அதைச் சுற்றி இழுத்தால் முடிந்தது. "நேரமாச்சு, குடு" என்று தம்பி குனிந்து இரண்டே நொடியில் கட்டிவிட்டான். பையன் கையை எடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்தான். பத்து வருடம் முன்னால் அப்படிக் குனிந்தவன் நான்.

பிள்ளை வளர்ப்பில் நாம் செய்யும் தவறுகளில் அதட்டுவது, ஒப்பிடுவது, செல்போனைக் கையில் கொடுத்துவிடுவது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. அவற்றை விடுகிறேன். அவ்வளவாகப் பேசாத நாலு இங்கே.

கையிலிருந்து பிடுங்கிச் செய்வது

நான் செய்தால் ஒரு நிமிடம், மகள் செய்தால் பத்து நிமிடம். அதனால் அவளுக்குப் பொத்தான் போட்டதிலிருந்து பை அடுக்கியது வரை எல்லாம் நானே. பதின்மூன்று வயதில் மூன்று நாள் பள்ளிச் சுற்றுலா போனாள். திரும்பி வந்ததும் பையைத் திறந்தால், நான் மடித்து வைத்த துணிகள் கலையாமல் இருக்கின்றன. மழையில் நனைந்த சட்டையையே உடம்பில் காயவிட்டிருக்கிறாள். "எடுத்தா திரும்ப அடுக்கத் தெரியாதுப்பா" என்றாள். இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டுவதை ஆராய்ந்தார்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு விதி: பிள்ளை தடுமாறினால் உதவியைக் கூட்டு, செய்ய வந்துவிட்டால் குறை. இதைக் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதோடு ஒப்பிட்டார்கள். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் இல்லையா? நான் பிரிக்கவே இல்லை.

லேஸில் இப்படிச் செய்து பாருங்கள். முடிச்சு வரை நீங்கள் போட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது வந்ததும் கடைசி இரண்டு படி. அப்புறம் மூன்று. முடிப்பது எப்போதும் பிள்ளையின் கையாக இருக்கட்டும். நேரமில்லை என்றால் பத்து நிமிடம் முன்னால் எழுப்புங்கள். வேறு குறுக்குவழி கிடையாது.

"நீ ரொம்பப் புத்திசாலி"

புத்தியைப் புகழ்ந்தால், அந்தப் பெயர் போய்விடுமோ என்று பிள்ளைகள் கஷ்டமான கணக்கைத் தொடவே பயப்படலாம். உழைத்த விதத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

காசு

பிள்ளைகள் கையில் கொடுத்த காசை, கண்டதையும் வாங்கித் தீர்க்கட்டும். தீர்ந்த பிறகு மறுபடி கொடுக்காதீர்கள்.

மன்னிப்பு

பிள்ளைகளிடம் நீங்கள் ஒருமுறையாவது மன்னிப்பு கேட்டிருக்கிறீர்களா?

மகளுக்கு இப்போது பதினாறு. பையை அவளேதான் அடுக்குகிறாள். மோசமாகத்தான் அடுக்குகிறாள், ஜிப் பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் நான் அந்த அறைப் பக்கமே போவதில்லை.