மட்டக்களப்பிலிருந்து முதல் சிம்பொனிக் கச்சேரிக்கு: புதியவர்களுக்கான வழிகாட்டி

கொழும்பில் சிம்பொனி இசைக்குழு புதிய பருவத்துக்கான கச்சேரிகளை அறிவிக்கும்போது, அந்த விளம்பரத்தை போனில் பார்த்துவிட்டு "இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று தள்ளிவிடுகிறவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூரம் ஒரு காரணம். ஆனால் கேட்டுப் பார்த்தால் பலர் சொல்வது வேறு: எப்போது கைதட்டுவது, என்ன உடுத்துவது, விளங்காமல் உட்கார்ந்திருந்தால் யாராவது சிரிப்பார்களோ என்பதுதான் பயம்.

இந்தப் பயங்களில் முக்கால்வாசி தேவையில்லாதவை. செய்யவேண்டிய உருப்படியான வேலை ஒன்றுதான்: வாசிக்கப்போகும் இசையை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது. மற்றதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே செய்துகொள்ளலாம். ஆகவே கீழே உள்ள படிகளில் மூன்றாவதை மட்டும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தக் கச்சேரி என்று தெரிவு செய்யுங்கள்

இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958இல் தொடங்கியது. மற்ற இசைக்குழுக்களைப் போலவே அதற்கும் பருவம் என்றால் சில மாதங்களுக்குள் இடைவெளி விட்டு நடக்கும் கச்சேரிகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நிகழ்ச்சி நிரல் வேறு. எல்லாவற்றுக்கும் போகவேண்டியதில்லை. ஒன்றை எடுங்கள், ஆனால் பார்த்து எடுங்கள்.

வழக்கமான நிரல் இப்படி இருக்கும். முதலில் ஓவர்ச்சர் என்ற தொடக்க இசை, பத்து நிமிட அளவில். அடுத்து கொன்சேர்ட்டோ, அதாவது பியானோவோ வயலினோ வாசிக்கும் ஒரு தனிக் கலைஞரும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது, அரை மணி நேர அளவில். பிறகு இடைவேளை. அதன் பின் சிம்பொனி, அதாவது முழு இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதிய நீண்ட இசை.

முதல் முறை போகிறவருக்கு என் சிபாரிசு, கொன்சேர்ட்டோ உள்ள கச்சேரி. பார்ப்பதற்கு ஒரு மனிதர் இருப்பார், கண் அலையாது. அன்றைய சிம்பொனி மொசார்ட்டோ ஹைடனோ எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாலர், ப்ரூக்னர் என்ற பெயர்களைக் கண்டால் இப்போதைக்கு விலகியிருங்கள். ஒரே சிம்பொனி பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

திரையிசையை வாசிக்கும் ஜனரஞ்சக நிகழ்ச்சிகளையும் இசைக்குழுக்கள் நடத்துவதுண்டு. அதில் தொடங்கினால் சுலபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. சினிமாப் பாட்டில் வயலின் கூட்டம் எப்படி ஒலிக்கும் என்று நமக்கு இளையராஜா எப்போதோ காட்டிவிட்டார். 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் ரோயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை அரங்கேற்றியபோது எத்தனை தமிழர் அதைப் பற்றிப் பேசினார்கள்! தெரிந்த மெட்டைத் தேடிப் போவதற்கு இவ்வளவு தூரப் பயணம் வேண்டாம்.

படி 2: டிக்கட்டும் பயணமும்

டிக்கட் வாங்கும்போது முன்வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். முன்னால் இருந்தால் அருகில் உள்ள வயலின்கள் மட்டும் காதை அடைக்கும். பின்னால் ஊதுகிறவர்களைப் பார்க்கவே முடியாது. நடுவிலிருந்து பின்பக்கம் வரை எங்கேயும் நல்லது. மாடியில் இடம் கிடைத்தால் முழு இசைக்குழுவும் ஒரே பார்வையில் தெரியும். பல இடங்களில் விலையும் குறைவு.

கச்சேரிகள் பல நடக்கும் லயனல் வெண்ட் அரங்கு கொழும்பு 7இல், கில்ஃபோர்ட் கிரசென்ட்டில் இருக்கிறது. 1953இல் திறக்கப்பட்ட அரங்கு. அதற்குப் பெயர் தந்த லயனல் வெண்ட் புகைப்படக் கலைஞராக அறியப்பட்டவர், ஆனால் தேர்ந்த பியானோக் கலைஞரும்கூட. எல்லாக் கச்சேரியும் அங்கேதான் என்று நினைத்துவிட வேண்டாம். டிக்கட்டில் எந்த மண்டபம் என்று பாருங்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கொழும்புக்குப் போய்வருவது நமக்குப் புதிதல்ல. மட்டக்களப்பிலிருந்து கோட்டைக்கு ரயில் இருக்கிறது. ஆசனத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால் காரைதீவு, அக்கரைப்பற்று, அம்பாறைக்காரருக்கு இரவு பஸ்தான் வசதி. அன்று காலையில் கொழும்பில் இறங்கிப் பகலில் நன்றாகத் தூங்குங்கள். பயணக் களைப்போடு போய் உட்கார்ந்தால் மெதுவான பகுதியில் குறட்டை நிச்சயம். கச்சேரி முடிந்த கையோடு இரவு வண்டியைப் பிடிக்கும் திட்டமும் வேண்டாம். நேரம் இழுத்துக்கொண்டு போனால் கடைசி இருபது நிமிடமும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெள்ளவத்தையில் ஒரு மாமி வீடாவது இல்லாத மட்டக்களப்பார் குறைவு. ஒரு இரவு தங்குங்கள்.

படி 3: முன்கூட்டியே கேளுங்கள்

நிகழ்ச்சி நிரலில் உள்ள பெயர்களை அப்படியே யூடியூப்பில் தேடினால் நல்ல பதிவுகள் வந்துவிடும். கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். மூன்று முறை கேட்டால் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக.

முதல் முறை, சமைக்கும்போதோ வீடு கூட்டும்போதோ சும்மா ஓடவிடுங்கள். எதையும் விளங்கிக்கொள்ள முயலாதீர்கள். எந்த இடத்தில் கை தானாக நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை, உட்கார்ந்து கேளுங்கள். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகளாக இருக்கும். பொதுவாக முதலாவது விறுவிறுப்பு, இரண்டாவது மெதுவானது, மூன்றாவது ஆட்டத்தின் நடை, நான்காவது வேகமான முடிவு. முதல் பகுதியில் பொதுவாக இரண்டு மெட்டுகள் அறிமுகமாகும். ஒன்று முரட்டுத்தனமாக இருந்தால் மற்றது இளகியதாக இருக்கும். பிறகு இரண்டையும் உடைத்து, கலைத்து, வேறு வேறு வாத்தியங்களுக்குக் கொடுத்து விளையாடுவார்கள். கடைசியில் இரண்டும் திரும்பி வரும். அந்த முதல் மெட்டு திரும்பும் கணத்தைப் பிடித்துவிட்டீர்களானால் பாதி வேலை முடிந்தது.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். தொடங்கும் நான்கு தட்டுகளை எங்காவது நிச்சயம் கேட்டிருப்பீர்கள். முதல் பகுதி முழுவதும் அந்த நான்கு தட்டுகளிலிருந்தே எழும்புகிறது. எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போகலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ட்ரொம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவர்களுக்கு முதல் மூன்று பகுதிகளிலும் ஒரு சுரம்கூட இல்லை. மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் பாயும்போதுதான் வாத்தியத்தை வாயில் வைப்பார்கள். அதுவரை மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இது முன்பே தெரிந்தால் நேரில் அவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பதே ஒரு சுவாரசியம்.

மூன்றாம் முறை, இயர்போன் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வாத்தியத்தைப் பின்தொடருங்கள். வயலினைப் போன்ற, ஆனால் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட செல்லோ நல்ல தெரிவு. போன் ஸ்பீக்கரில் கீழ்ச்சுரங்கள் கேட்கவே கேட்காது; இயர்போனில் கேட்டால் அடியில் இவ்வளவு நடக்கிறதா என்று இருக்கும்.

கர்நாடக இசை படித்தவர்களுக்கு, கல்லடி விபுலாநந்த நிறுவகத்தில் படிக்கும் பிள்ளைகள் உட்பட, ஒரு எச்சரிக்கை. இங்கே தம்பூரா இல்லை. நீங்கள் ஆதார சட்ஜம் என்று பிடித்துக்கொண்ட இடமே நடுவில் நகர்ந்துவிடும். முதலில் தலை சுற்றும். அது பிழையல்ல, அந்த இசையின் வேலையே அதுதான்: வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு சுரத்தில் தங்கி, கடைசியில் வீடு வந்து சேர்வது. அப்புறம், மேடையில் கற்பனையாக எதையும் வாசிப்பதில்லை, ஏறக்குறைய எல்லாம் எழுதிவைத்தது. தொடையில் தாளம் போடும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வேகம் நடுவில் கூடும், குறையும். உங்கள் தாளம் தனியே போய்விடும், பக்கத்து ஆசனக்காரருக்கும் எரிச்சல் வரும்.

படி 4: மண்டபத்துக்குள்

அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பிந்தி வந்தால் ஒரு இசை முடியும் வரை வாசலில் நிறுத்திவைப்பார்கள். உடைக்குச் சட்டமில்லை; சுத்தமான சேர்ட்டும் நீளக் காற்சட்டையும், சேலையோ சல்வாரோ, போதும். போனை ஓஃப் பண்ணுங்கள். அதிர்வு நிலையில் வைத்தால் அமைதியான இடத்தில் அந்த 'ர்ர்ர்' எல்லாருக்கும் கேட்கும். இருமல் இனிப்பு வைத்திருந்தால் உறையை முன்பே பிரித்துவையுங்கள்.

மேடையை இப்படிப் பாருங்கள். உங்களுக்கு இடப்பக்கம் வயலின்கள், வலப்பக்கம் பெரும்பாலும் செல்லோக்கள், அவற்றின் பின்னால் ஆளுயர டபிள் பேஸ்கள். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் ஆகிய ஊதும் குழல்கள். அதற்கும் பின்னால் பித்தளை வாத்தியங்களும் டிம்பனி முரசங்களும். வயலின்காரர் ஒரு பிரிவினர் எல்லாரும் ஒரே வரியை, வில்லை ஒரே திசையில் இழுத்து வாசிப்பார்கள். ஊதும் வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி வரி. ஒருவர் பிசகினால் மறைக்க ஆளில்லை.

முதல் வயலின் கலைஞர் வந்ததும் ஓபோவிலிருந்து ஒரு நீண்ட சுரம் எழும். மற்ற எல்லாரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அதன் அதிர்வெண் பொதுவாக 440 ஹேர்ட்ஸ் அல்லது அதை ஒட்டியது. வயலினின் நான்கு நரம்புகளும் ஒன்றுக்கொன்று சட்ஜம்-பஞ்சம இடைவெளியில், அதாவது 3க்கு 2 என்ற விகிதத்தில் நிற்கும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் கணக்குப் போட்டதும் இத்தகைய விகிதங்களைத்தான். சுருதி சேர்க்கும் அந்த அரை நிமிடத்தைப் பேசிக் கழிக்காதீர்கள்.

கடைசியாக இசை நடத்துநர் வருவார். கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தை அடித்துக்கொண்டே ஆட்டத்தை நடத்துவார். இவருடைய கையிலோ ஒரு சிறு கோல்தான், அதிலிருந்து சத்தமே வராது. வலக்கை தாளத்தைக் காட்டும். இடக்கை யார் எழும்பவேண்டும், யார் தணியவேண்டும் என்று சொல்லும். இடக்கையைப் பாருங்கள், அது காட்டும் பக்கத்திலிருந்து இசை கிளம்பும்.

படி 5: கைதட்டல்

விதி சின்னது. ஒரு சிம்பொனியின் பகுதிகளுக்கு இடையே தட்டுவதில்லை, முழுதும் முடிந்தபின்தான். நிகழ்ச்சிக் கையேட்டில் பகுதிகளின் எண்ணிக்கை இருக்கும், விரல் மடக்கலாம். அதைவிடச் சுலபம், நடத்துநரின் கைகளைப் பார்ப்பது. கைகள் கீழே இறங்கி, அவர் நம் பக்கம் திரும்பும் வரை பொறுங்கள்.

உண்மையில் இந்த மௌனம் அவ்வளவு பழையதல்ல. 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே சனங்கள் கைதட்டியதை மொசார்ட் சந்தோஷமாக அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். 1813இல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கவைத்தார்கள். பகுதிகளுக்கு நடுவே வாய் மூடியிருக்கும் வழக்கம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்ததுதான். ஆகவே தவறித் தட்டிவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி பெரும் முழக்கத்தோடு முடியும். அங்கே பழகிய ரசிகர்களும் ஏமாந்து தட்டுவார்கள். அதன்பின் வரும் கடைசிப் பகுதிதான் சோகமாகத் தேய்ந்து அடங்கும்.

படி 6: மனம் அலைந்தால்

அலையும். எல்லாருக்கும் அலையும். அப்போது ஒரு கலைஞரைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிம்பனிக்காரரைப் பாருங்கள்: மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது முரசத்தில் காதை வைத்து மெல்லத் தட்டிச் சுருதி சரிபார்ப்பார். ஒரு நிமிடம் அவரைப் பார்த்தால் காது தானாக இசைக்குத் திரும்பும்.

நேரம் நீளமென்று தோன்றினால் இதை நினையுங்கள். 1808 டிசம்பர் 22, வியன்னா. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி முதன்முதலில் வாசிக்கப்பட்ட அந்தக் கச்சேரி, குளிர் உறைந்த மண்டபத்தில் நான்கு மணி நேரம் போனது. விடிய விடிய வடமோடிக் கூத்து பார்த்த ஊருக்கு இடைவேளையோடு இரண்டு மணி நேரம் ஒரு பெரிய விஷயமா?

இடைவேளையில் முதலில் கழிவறை வரிசையில் நில்லுங்கள், தேநீர் பிறகு. பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் எத்தனை வயதிலிருந்து அனுமதி என்று டிக்கட் வாங்கும்போதே கேளுங்கள். வயலின் படிக்கும் பிள்ளை என்றால் எப்படியாவது கூட்டிப்போங்கள். நிலத்தில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகிய பிள்ளை, அதே வாத்தியத்தைத் தோளில் தாங்கி ஒரு கூட்டமே வாசிப்பதைக் கண்டால் திரும்பி வரும் வழியெல்லாம் கேள்விதான்.

படி 7: திரும்பி வந்தபின்

மறுநாள் ரயிலிலோ பஸ்ஸிலோ அதே இசையை இன்னொரு முறை கேளுங்கள். முன்பு கேட்டபோது தப்பிப்போன வரிகள் இப்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்றுகூடத் தெரியும். நிகழ்ச்சிக் கையேட்டையும் வீசிவிடாதீர்கள்; அடுத்த கச்சேரி விவரத்தை அநேகமாக அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். நிரலைப் பார்த்து, கொன்சேர்ட்டோ இருந்தால் அன்றைக்கே யூடியூப்பில் தேடத் தொடங்குங்கள்.