ஒரே போன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு: நான் சொல்லித் தரும் முறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை 22 பிள்ளைகள். சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். மற்ற வீடுகளில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு போன். அம்மாவின் கூகுள் பே, சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவின் வீடியோ கால், பள்ளி வாட்ஸ்அப் குரூப், தம்பியின் கேம் எல்லாம் அதில்தான். நெட்டில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தனிப் போன் இருக்கிறது என்று நினைத்து எழுதியவை. நமக்கு அவை ஒத்துவரவில்லை.

செட்டிங்ஸுக்குள் எப்படிப் போவது என்று நான் விளக்கப் போவதில்லை. அது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முதல் படி: பெரியவர்களுக்கு முதல் வகுப்பு

இதை நான் முதலில் விட்டுவிட்டேன். நேராகப் பிள்ளைகளிடம் போய், "யாருக்காவது போனில் தொந்தரவு வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். 22 தலைகளும் இல்லை என்று ஆடின. அப்புறம் ஒரு வாரத்தில் ஏழாவது படிக்கும் பையனின் அம்மா அழுதுகொண்டு வந்தார். கேமில் வைரம் இலவசம் என்று வந்த லிங்க்கில் அம்மாவின் ஏடிஎம் கார்டு எண்ணையும், வந்த ஓடிபியையும் போட்டிருக்கிறான். 2,400 ரூபாய் போய்விட்டது. பேங்க் எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டு மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் என் வகுப்பில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க மிஸ்."

பணம் போனதும் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தால், அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்து அழைத்த எங்களுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. பிள்ளை பயந்து ஒளிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

அதனால் இப்போது முதல் வகுப்பு அம்மா, அப்பத்தா, ஆயா (அம்மாவின் அம்மா) ஆகியோருக்குத்தான். ஒரே ஒரு வேலை: "நீ வந்து சொன்னால் திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேப்பரில் கையெழுத்து வாங்கிப் பார்த்தேன், பயனில்லை. வாயால் சொல்ல வேண்டும். ஓர் அப்பத்தா பேரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "காசு போனாப் போகுது ராசா, எங்கிட்டச் சொல்லிப்புடு" என்றார். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம், தெரியாத எண்ணிலிருந்து வந்த ஒரு மெசேஜை அவரிடம்தான் முதலில் காட்டினான்.

இரண்டாம் படி: வீட்டை வரையுங்கள்

போர்டில் நம் ஊர் வீட்டை வரைகிறேன். திண்ணை வரை யாரும் வரலாம். வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், சொந்தபந்தம் வரலாம். உள்ளறைச் சாவி ஆயாவின் இடுப்பில் இருக்கும். பிறகு துண்டுச் சீட்டுகள் கொடுக்கிறேன்: போன் நம்பர், கேமில் வைத்திருக்கும் பெயர், யூனிஃபார்ம் போட்டோ, ஓடிபி, அப்பா ஊருக்கு வரும் தேதி. எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களே ஒட்ட வேண்டும்.

ஸ்லைடு, புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடும்போதுதான் பாடம் ஏறுகிறது. யூனிஃபார்ம் போட்டோவை ஒரு பெண் திண்ணையில் ஒட்டினாள். பக்கத்தில் இருந்தவள், "பேட்ஜில ஸ்கூல் பேரு இருக்குல்ல" என்று பிடுங்கி உள்ளே ஒட்டினாள். "எல்லோரும் மதுரைக்குப் போறோம்" என்று ஸ்டேட்டஸ் போடுவது, வீடு பூட்டியிருக்கிறது என்று தெருவுக்குச் சொல்வது என்பதும் இங்கேதான் அவர்களுக்குப் புரிந்தது. பூட்டிய வீடுகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

யுபிஐ பின் எண்ணுக்கு மட்டும் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பணம் வாங்க பின் எண் தேவையில்லை. பின் எண் கேட்டால் நம் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். இதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

மூன்றாம் படி: போனில் நான்கு மாற்றங்கள்

வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். புரொஃபைல் போட்டோ, குரூப்பில் சேர்ப்பது இரண்டையும் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றுங்கள். லாக் ஸ்கிரீனில் எஸ்எம்எஸ் வரிகள் தெரியாமல் மறையுங்கள். பேட்டர்ன் லாக்கை எடுத்துவிட்டு எண் வையுங்கள். எண்ணெய்க் கை பட்ட திரையில் பேட்டர்னின் கோடே தெரியும், நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப், சின்னப் பிள்ளைக்குத் தனிக் கருவி இருந்தால் நல்லது. எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்க்கும் போனில் எனக்குச் சரிவரவில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் மெசேஜ் படிக்கும் ஆப்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளை ஒரு தடவை கண்டுபிடித்தால் முதல் படி வீணாகிவிடும்.

நான்காம் படி: பிஸ்கட் டின்

பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு டின் வைத்தேன். ஒரு மாதம் காலியாகவே இருந்தது. எழுதப் போகிறவளை மற்றவர்கள் பார்க்கிறார்களே! இப்போது 22 பேரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் "ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டும். மாற்றிய அன்றே ஒன்பது சீட்டில் விஷயம் இருந்தது.

அதில் ஒன்று போட்டோவை வைத்து மிரட்டல். இந்த இடத்தில் தடுமாறக் கூடாது. பணம் கொடுக்கக் கூடாது, இன்னொரு படம் அனுப்பக் கூடாது, வாட்ஸ்அப் போன்றவற்றில் உள்ள உரையாடலை அழிக்கவும் கூடாது. மிரட்டும் வரிகள், ஐடி, எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு பிளாக் செய்யலாம். ஆனால் ஆதாரம் என்று அந்தரங்கப் படத்தை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் வருகிறது. நல்ல எண்ணத்தில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். தெரிந்த பிறகு புகார் செய்யாமல் இருப்பதும் போக்சோவில் குற்றம். குடும்ப மானம் என்று பேசி முடித்துவிடச் சொல்வார்கள், இடம் கொடுக்காதீர்கள்.

1098 குழந்தைகள் உதவி எண். 14417 நம் பள்ளிக் கல்வித் துறையின் எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் தரலாம். டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையில் படத்தை ஏற்ற வேண்டியதில்லை. படத்தின் அடையாளக் குறியீடு மட்டும் போனிலேயே உருவாகிப் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் சாட்டுக்குள் சுற்றும் படத்தை அதனால் பிடிக்க முடியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஓர் ஆசிரியை கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. தொந்தரவு தருபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? என் முதல் படி எல்லா வீட்டுப் பெரியவர்களையும் நம்பிப் போட்டது. மாற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பேரின் பெயரை எழுதுகிறது. ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், அடியில் 1098 என்று எழுத வேண்டும். அந்தச் சீட்டைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். நாம் வாங்கிப் பார்க்க வேண்டாம்.