எலி நடந்தது, நரம்பு வளர்ந்ததா?

"நரம்பில் ஊசி போட்டார்கள்" என்கிறோம். ஊசி ஏறியது சிரையில். "கழுத்து நரம்பு பிசகிவிட்டது" என்கிறோம். பிசகியது பெரும்பாலும் தசை. யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். இத்தனை பொருளைச் சுமக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு "அறுந்த நரம்பை மீண்டும் வளர்க்கும் மருந்து" என்ற செய்தியைப் படிக்க உட்கார்ந்தால், முதல் தவறு தலைப்பிலேயே நேர்ந்துவிடும். எந்த நரம்பு என்று கேட்காமல் இரண்டாவது வரிக்குப் போகக் கூடாது.

கண்ணாடி கிழித்துக் கையில் அறுந்தது புற நரம்பு. அறுவை மருத்துவர் முனைகளைச் சேர்த்துத் தைத்தால், அதன் இழைகள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் தாமாகவே வளரும். முழங்கைக்கு மேலே அறுந்தது விரல் நுனியை எட்ட ஓராண்டுகூட ஆகலாம். அதற்குள் தசை மெலிந்துவிடக் கூடும் என்பதுதான் அங்கே கவலை. தண்டுவடத்திலும் மூளையிலும் அறுந்த நீண்ட இழைகளோ சற்றே முளைவிட்டு நின்றுவிடுகின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹல் இதை ஒரு கடுமையான தீர்ப்பாகவே எழுதிவைத்தார். அதை மாற்றுவது எதிர்கால அறிவியலின் வேலை என்றும் அவரே சேர்த்துச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பது இன்னொரு தவறு. 1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும், வளர்ந்த எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலம்போலப் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று கருதப்பட்ட மைய நரம்பணுக்களின், அதாவது மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளவற்றின், இழைகள் அந்தப் பாலத்துக்குள் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தன. ஆக, நரம்பணு மலடு அல்ல. அதைச் சுற்றியுள்ள மண்ணில் ஏதோ கோளாறு என்ற எண்ணம் வலுத்தது. மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதே இழைகள் சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன என்பதைச் செய்தியாகச் சொல்பவர்கள் குறைவு.

இனி, ஆராய்ச்சியாளர்களே சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். தண்டுவடத்தில் காயப்படுத்தப்பட்ட எலிக்கு மருந்து கொடுக்கிறார்கள். சில வாரங்களில் அது நடக்கிறது. ஆகவே நரம்பு வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். இந்த "ஆகவே"யில்தான் பள்ளம் இருக்கிறது. கோழிக்கடையில் தலை போன பிறகும் கோழியின் கால்கள் உதைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காலை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும் தாளத்தை உண்டாக்கும் நரம்புச் சுற்றுகள் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கின்றன. தண்டுவடம் முழுமையாக அறுக்கப்பட்ட பூனைகளைப் பயிற்சி கொடுத்து ஓடுபட்டையில் நடக்கவைத்திருக்கிறார்கள். ஓர் இழைகூட மீண்டும் வளராமலே. எலியின் நடையை 0 முதல் 21 வரை மதிப்பிட ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 1995இல் வெளியிட்ட அளவுகோல் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அது நடையைத்தான் அளக்கிறது, காரணத்தை அளப்பதில்லை.

சரி, நுண்ணோக்கியில் காயத்துக்கு அப்பால் இழைகள் தெரிகின்றனவே என்பார்கள். அங்கே இன்னும் நுட்பமான பொறி இருக்கிறது. எலியின் தண்டுவடம் மிகச் சிறியது. கத்தி அரை மில்லிமீட்டர் மேலே நின்றிருந்தாலும் சில இழைகள் அறுபடாமல் தப்பிவிடும். போதாக்குறைக்கு, மூளையிலிருந்து இயக்கக் கட்டளைகளைக் கொண்டுவரும் பாதையில் பெரும்பகுதி எலிக்கு முதுகுப் பக்கம் இருந்தாலும், சிறு கிளைகள் பக்கவாட்டிலும் வயிற்றுப் பக்கமும் போகின்றன. முதுகுப் பக்கம் மட்டும் வெட்டிவிட்டுக் கீழே இழையைக் கண்டால், அது முளைத்ததா பிழைத்ததா? ஆஸ்வால்ட் ஸ்டூவர்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 2003இல் இதை "பொய்யான உயிர்த்தெழுதல்கள்" என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். அவர்கள் சொன்ன சோதனைகள் துப்பறிவாளனுக்கு உரியவை: புதிதாக வளர்ந்த இழை நேர்கோட்டில் போகாது, வளைந்து நெளிந்து தடுமாறும், காயத்தின் வழியாகவே அதைத் தொடர்ந்து பின்பற்ற முடிய வேண்டும், காயத்துக்குப் பின் கடந்த நாட்களில் வளர முடியாத தொலைவில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய இழையோ ஒழுங்காக, தன் பழைய இடத்தில், ஒன்றுமே நடக்காததுபோல் கிடக்கும்.

அதே ஆண்டில் இதற்குப் பொருத்தமான நிகழ்வு ஒன்றும் நடந்தது. சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப், மைய நரம்பு மண்டலத்தில் இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்று இருப்பதாக 1980களிலேயே காட்டியிருந்தார். 2000இல் அதன் மரபணு அடையாளம் காணப்பட்டு நோகோ என்று பெயர் பெற்றது. அதை நீக்கிய சுண்டெலியில் தண்டுவட இழைகள் தடையின்றி வளர வேண்டும் அல்லவா? 2003இல் மூன்று ஆய்வகங்களின் கட்டுரைகள் ஒரே இதழில் வந்தன. ஒன்றில் தாராளமான வளர்ச்சி. இன்னொன்றில் மிதமான வளர்ச்சி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. சுண்டெலியின் இனம், மரபணு நீக்கப்பட்ட விதம், காயம் உண்டாக்கிய முறை என்று காரணம் தேடி ஆண்டுகள் ஓடின. மூன்றாவது முடிவையும் அதே இதழில் வெளியிட்டார்களே, அதைத்தான் நான் அந்தத் துறையின் பெருமை என்பேன். பிற்பாடு நோகோவைத் தடுக்கும் ஆன்டிபாடி, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயம்பட்ட மனிதர்களிடம் ஐரோப்பாவில் சோதிக்கப்பட்டது. முதன்மை அளவீட்டில் போலி மருந்தைவிட அது தெளிவாக விஞ்சவில்லை. காயம் முழுமையாக இல்லாத சிலரிடம் மட்டும் பயன் இருந்ததற்கான குறிகள் தெரிந்தன.

எல்லாப் பழியையும் ஒரே வில்லன்மீது போடும் பழக்கத்துக்குத் தழும்பும் இரையானது. காயத்தைச் சுற்றி, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் கட்டும் சுவர் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று பாடப்புத்தகங்கள் எழுதின. 2016இல் கலிபோர்னியாவில் மைக்கேல் சோஃப்ரோனியூ குழுவினர் சுண்டெலிகளில் அந்தத் தழும்பு உருவாகாமல் செய்துபார்த்தார்கள். இழைகள் அப்போதும் வளரவில்லை. சொல்லப்போனால், தழும்பு இருந்தபோது வளர்ச்சியைத் தூண்டும் உதவி கொடுத்தால்தான் நன்றாக வளர்ந்தன.

வளர்ச்சி என்றாலே நன்மை என்று எண்ணுவதும் தவறு. 2005இல் ஸ்வீடனில் எலித் தண்டுவடத்தில் ஸ்டெம் செல்களைப் பதித்தபோது கால்கள் ஓரளவு தேறின. கூடவே முன்னங்கால்களை மெல்லத் தொட்டாலே வலி உண்டானது. வலியுணர்வு இழைகள் வேண்டாத இடத்தில் கிளைத்துவிட்டிருந்தன.

மனிதர்களிடம் வரும்போது மறக்கக் கூடாதது காலம். காயத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் பலர் சிகிச்சை எதுவானாலும் ஓரளவு தேறுகிறார்கள். அந்த நாட்களில் கொடுத்த எந்தக் கஷாயத்துக்கும் பெயர் வந்துவிடும். ஒப்பிட ஒரு குழு இருந்தாலும் ஏமாற வாய்ப்பு உண்டு. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் தண்டுவடம் காயம்பட்ட 487 பேரிடம் மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சோதிக்கப்பட்டது. 8 மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற பிரிவினரிடம் மட்டும் சிறு பயன் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் அது வழக்கமானது. 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது.

முதுகில் மின்தூண்டல் கருவி பொருத்தி, சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் கூர்ட்டின் குழு நடக்கவைத்தவர்களின் காணொளியை உறவினர் ஒருவர் எனக்கு அனுப்பி, "நரம்பு ஒட்டிவிட்டதாமே" என்று கேட்டார். ஒட்டவில்லை. தப்பிப் பிழைத்த சில இழைகளையும் கீழேயுள்ள சுற்றுகளையும் மின்துடிப்பு விழிக்கச் செய்கிறது. அதுவே பெரிய சாதனைதான். ஆனால் வேறு சாதனை.

அவருக்கு அடுத்ததாக வந்த கேள்வி ஸ்டெம் செல் விளம்பரத்தைப் பற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் கட்டணம் போட்டிருந்தது. மூக்கின் உட்சவ்வைத் தண்டுவடத்தில் வைத்துச் சிகிச்சை பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு கட்டி வளர்ந்ததையும், அதற்குள் சளிபோன்ற திரவம் சுரந்துகொண்டிருந்ததையும் 2014இல் மருத்துவர்கள் பதிவு செய்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு ஏற்கெனவே முன்பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.