இடுப்பில் உறுத்தாத கைத்துப்பாக்கி: பெல்ட்டில் இருந்து தொடங்குங்கள்

டெக்சஸில் வசிக்கும் நம்மவர்களில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கியவர்கள் இரண்டாவது வாரமே என்னிடம் சொல்வது இது: "இடுப்பில் வைத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை அண்ணா. கழற்றிக் காரிலேயே போட்டுவிடுகிறேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது. காரில் விட்டுவிட்டுப் போன துப்பாக்கி, கண்ணாடியை உடைப்பவன் கைக்குப் போகிறது. உறுத்துகிறதே என்று சாப்பாட்டு மேசையில் கழற்றி வைத்தது பிள்ளையின் கைக்குப் போகிறது. அதனால் உறுத்தலை நான் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் இருந்த பணத்தை எல்லாம் துப்பாக்கியில் போட்டேன். மலிவான துணி உறை ஒன்றை வாங்கி, அலுவலகத்துக்குப் போடும் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மளிகைக் கடையில் இருபது பவுண்டு அரிசிப் பையைக் குனிந்து தூக்கியபோது பெல்ட் குறுக்கே மடங்கியது. உறை வெளிப்பக்கம் சாய்ந்தது. கைப்பிடி சட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு. அவர் முகம் மாறியதை நான் இன்றும் மறக்கவில்லை. அன்று இரவே பெல்ட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

தொடங்கும் முன்: உங்களுக்கு அனுமதி உண்டா?

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். நண்பரோடு சுடுதளத்துக்குப் போய் 'ஒருமுறை சுட்டுப் பார்ப்பது'கூட இதில் சிக்கலாகலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, வேறு சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். அதற்கான வகுப்பில் எங்கே எடுத்துப் போகக் கூடாது என்பதைத் தெளிவாகக் கற்றுத் தருகிறார்கள். 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டாக்கள் சுட்டுத் தேர்ச்சி பெற வேண்டும். பிற மாநிலங்கள் பலவும் அந்த உரிமத்தை ஏற்கின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்பதில்லை. மது விற்பனையே முக்கிய வருமானமான கடைகளில் சிவப்பு நிறத்தில் '51%' என்ற பலகை தொங்கும். அங்கே துப்பாக்கியோடு நுழையவே கூடாது. தபால் நிலையத்துக்குள்ளும் கூடாது.

முதல் படி: பெல்ட்

எல்லோரும் கடைசியில் வாங்கும் பொருள் இது. முதலில் வாங்குங்கள். எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் இந்தப் பெல்ட் பொருந்தும்.

கிராமத்தில் தாத்தா வேட்டி மடியில் சுருக்குப்பையைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். மடிப்பை இறுக்கிச் சுற்றினால்தான் பை நிற்கும். தளர்ந்தால் நடக்க நடக்கக் கீழே இறங்கும். பெல்ட்டின் வேலையும் அதுதான். தோட்டா நிரப்பிய நடுத்தரப் பிஸ்டல் ஒன்று முக்கால் கிலோவைத் தாண்டும். இந்த எடை இடுப்பைச் சுற்றிப் பரவ வேண்டும். சாதாரண பெல்ட்டில் அது ஒரே இடத்தில் தொங்குகிறது. அந்த இடம்தான் மாலையில் வலிக்கிறது.

கடையில் பெல்ட்டை எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் இரு கைகளாலும் பிடியுங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றையொன்று தொடும்படி மடித்துப் பாருங்கள். சாதாரண பெல்ட் வாழைப்பட்டை போல எளிதில் குவிந்துவிடும். துப்பாக்கிக்கென்று செய்த பெல்ட் குவியாது. அதே சமயம் இடுப்பைச் சுற்றி வளைவதற்கு முரண்டு பிடிக்கவும் கூடாது. குறுக்கே விறைப்பு, நீளவாக்கில் வளைவு. இதற்காகவே இரண்டு அடுக்குத் தோலைச் சேர்த்துத் தைக்கிறார்கள். நைலான் பெல்ட் என்றால் நடுவில் பிளாஸ்டிக் அல்லது எஃகுத் தகடு வைக்கிறார்கள்.

அகலம் 1.5 அங்குலம் (38 மி.மீ.). பெரும்பாலான உறைகளின் கிளிப் இந்த அகலத்துக்கே செய்யப்படுகிறது. குறுகலான பெல்ட்டில் அகலக் கிளிப்பை மாட்டினால் உறை மேலும் கீழும் ஆடும். உங்கள் கால்சட்டையின் பெல்ட் வளையங்கள் இந்த அகலத்தை ஏற்கின்றனவா என்று வாங்குமுன் பாருங்கள். அலுவலகக் கால்சட்டைகள் சிலவற்றில் நுழையாது.

அளவு எடுப்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். கால்சட்டை அளவைச் சொல்லி வாங்காதீர்கள். இப்போது போடும் பெல்ட்டைத் தரையில் நீட்டி வையுங்கள். பக்கிள் மாட்டியிருக்கும் மடிப்பில் இருந்து, நீங்கள் வழக்கமாகப் போடும் துளை வரை நாடாவால் அளக்கவும். துப்பாக்கியைக் கால்சட்டைக்கு உள்ளே வைப்பதாக இருந்தால் அதோடு ஏறத்தாழ இரண்டு அங்குலம் கூட்டுங்கள். கால்சட்டையும் ஓர் அளவு பெரிதாக வேண்டியிருக்கும்.

துளை உள்ள பெல்ட்டா, பல்சக்கரப் பக்கிள் உள்ளதா? நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். வழக்கமான பெல்ட்டில் துளைகளுக்கு இடையே ஓர் அங்குலம் இருக்கும். பல்சக்கர வகையில் கால் அங்குலம் கால் அங்குலமாகத் தளர்த்தலாம். மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுகிறவருக்கு அந்தக் கால் அங்குலம் பெரிய நிம்மதி.

இரண்டாம் படி: இடத்தை முடிவு செய்தல்

இடுப்பைக் கடிகாரமாக எண்ணிக்கொள்வது வழக்கம். தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி, முதுகுத்தண்டு 6 மணி. வலக்கைக்காரர்களுக்கு நடைமுறையில் மூன்று இடங்கள் உண்டு.

இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், 4 மணி: நின்றாலும் நடந்தாலும் வசதி. குனிந்தால் கைப்பிடி சட்டையைத் தள்ளிக்கொண்டு தெரியும். மளிகைக் கடையில் எனக்கு நேர்ந்தது இதுதான். நேராக 3 மணி: சட்டை தளர்வாக இருந்தால் நல்லது, ஒல்லியானவர்களுக்குப் பக்கவாட்டில் புடைக்கும். முன்பக்கம் 1 மணி: நன்றாக மறையும், உங்கள் கண்பார்வையிலேயே இருக்கும். ஆனால் குழலின் வாய் தொடை இடுக்கைப் பார்த்திருக்கிறது. கவனக்குறைவுக்கு அங்கே இடமே இல்லை. தொடங்குபவர்கள் பயிற்சி பெற்ற பின்னரே அங்கே வைக்க வேண்டும்.

6 மணியில் வைக்காதீர்கள். வழுக்கி மல்லாக்க விழுந்தால் முதுகுத்தண்டின் மேல் இரும்பு. யாராவது பின்னால் இருந்து தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: துப்பாக்கி

குழல் நீளமாக இருந்தால் மறைக்க முடியாது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். குழல் கால்சட்டைக்குள் போய்விடுகிறது. வெளியே துருத்துவது கைப்பிடிதான். க்ளாக் 43எக்ஸ், க்ளாக் 19 என்ற இரண்டு பிஸ்டல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 43எக்ஸ் மெலிதானது, சிறியது என்று வாங்குகிறார்கள். ஆனால் மேகசினோடு (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) சேர்த்து இரண்டின் உயரமும் 128 மி.மீ. தான். மெலிவால் கிடைக்கும் வசதி உண்மை. கைப்பிடியின் உயரம் குறையவில்லை என்பதும் உண்மை.

2018இல் வந்த சிக் சாவர் பி365, ஓர் அங்குல அகலத்தில் 10 தோட்டா மேகசினை அடக்கியது. அதன் பிறகு பல நிறுவனங்கள் இதே அளவில் பிஸ்டல்கள் செய்தன. மறைத்து வைக்க இவை வசதியானவை. ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது கையில் விழும் உதை கூடுகிறது. கைப்பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்குப் பிடி கிடைக்காது. சட்டைப்பையில் அடங்கும் மிகச் சிறிய ரகங்களைப் புதியவர்களுக்கு நான் சொல்வதே இல்லை. அவற்றைச் சுட்டுப் பழகுவதே கை வலிக்கும் வேலை. வலிப்பதால் பயிற்சிக்குப் போகமாட்டார்கள். பயிற்சி இல்லாதவர் துப்பாக்கி வைத்திருப்பது எல்லோருக்கும் ஆபத்து.

அதனால் வாங்குமுன் வாடகைக்கு எடுங்கள். சுடுதளங்கள் பலவற்றில் பல ரகங்களை வாடகைக்குத் தருகிறார்கள். 9 மி.மீ. தோட்டா சுடும் ரகத்தில் சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 தோட்டாக்கள் சுடுங்கள். கடைசிப் பத்துத் தோட்டாக்களில் கை தளர்ந்திருக்கும். அப்போதும் எது உங்கள் பிடியில் ஆடாமல் நிற்கிறதோ அதை வாங்குங்கள்.

நான்காம் படி: உறை

உறை உங்கள் துப்பாக்கியின் அதே மாடலுக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கும் துணி உறைகளைத் தொடாதீர்கள். நான் முதலில் வாங்கியது அத்தகையதே.

விசையும் அதைச் சுற்றியுள்ள காப்பு வளையமும் முழுவதும் மூடியிருக்க வேண்டும், வெளியே இருந்து விரலால் அழுத்தினாலும் விசை அசையாதபடி. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக் கூடாது. உருவும்போது துப்பாக்கி மட்டும் வர வேண்டும். உறையும் சேர்ந்து வந்தால் கிளிப் பெல்ட்டின் அடி விளிம்பைக் கவ்வவில்லை என்று பொருள்.

கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் துப்பாக்கியின் வடிவத்திலேயே அழுத்தி வார்க்கும் உறைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. வியர்வை இறங்காது, வடிவம் மாறாது. தோல் உறை உடம்புக்கு இதமானது. ஆனால் வருடக்கணக்கில் பயன்படுத்தித் தளர்ந்த தோல் உறையின் வாயோரம் உள்ளே மடியும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசையை அழுத்தித் தோட்டா வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. தோல் தளர்ந்துவிட்டால் தூக்கி எறியுங்கள்.

முன்பக்கம் வைப்பவர்களுக்கு இரண்டு சிறு பாகங்கள் பெரிய வித்தியாசம் செய்யும். ஒன்று, விசைக் காப்புக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நகம் போன்ற துண்டு. பெல்ட் அதை உள்ளே அழுத்த, உறை சற்றே திரும்பி, கைப்பிடி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். மற்றது, உறையின் அடிப்பக்கம் உடலைப் பார்த்து ஒட்டும் ஆப்பு வடிவப் பஞ்சுத் திண்டு. அது குழல் முனையை வெளியே தள்ளி, மேல்பகுதியை உள்ளே சாய்க்கும். இடுப்பெலும்பு உறுத்துகிறது என்பவர்கள் உறையை மாற்றுமுன் இந்தத் திண்டை முயன்று பாருங்கள். உறை சற்று நீளமாக இருப்பதும் இதேபோல் உதவும்.

சுடிதார், புடவை உடுத்தும் பெண்களுக்குப் பெல்ட்டே இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான மீள்பட்டை வகை இருக்கிறது. அதில் விசையை மூடும் கெட்டியான கூடு கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பைக்குள் வைப்பதை நான் ஏற்பதில்லை. கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போவோம். குழந்தை மிட்டாய் தேடும்.

ஐந்தாம் படி: ஒரு வாரம் வீட்டுக்குள்

மேகசினைக் கழற்றுங்கள். குழலின் பின்னறையில் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும்.

முதலில் துப்பாக்கியை உறையில் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்து இடுப்பில் வைத்து மாட்டுங்கள். வெற்றுத் துப்பாக்கியோடு ஒரு வாரம் வீட்டில் இருங்கள். அரிசிப் பையைத் தூக்குங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். காரில் ஏறி இருக்கைப் பட்டையை மாட்டிப் பாருங்கள். எங்கே உறுத்துகிறது என்று குறித்துக்கொண்டு, உறையின் உயரத்தையோ சாய்வையோ ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. உள்ளே பனியன் போட்டுக்கொள்ளுங்கள்; ஹூஸ்டன் வெயிலில் உறையின் விளிம்பு தோலைத் தேய்த்துவிடும்.

உருவும் வேகத்தைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். திரும்பச் செருகுவதைப் பழகுங்கள்: விரல் விசைக்கு வெளியே, சட்டை நுனியை மறுகையால் தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக. சட்டைத் துணியும் இடுப்புக் கயிறும் உறைக்குள் புகுந்து விசையில் சிக்கக்கூடியவை.

கழற்றிய பிறகு

இரவில் உறையோடு சேர்த்தே கழற்றுங்கள். விரல்ரேகையோ எண்ணோ கொண்டு திறக்கும் சிறு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். பெட்டி வாங்கப் பணம் இல்லை என்றால் துப்பாக்கி வாங்கவும் பணம் இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை உறையின் திருகாணிகளை இறுக்குங்கள். அவை சத்தமில்லாமல் தளரும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை எந்தக் காரணத்துக்காகவும் விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தையலோரத்தில் சிக்கிய ஒற்றைத் தோட்டா விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால், இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்காகும். என் பையின் கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, வீட்டில் எல்லோருக்கும் காட்டி வைத்திருக்கிறேன்: இந்தப் பை காரைத் தாண்டி எங்கும் போகாது.